டாக்டர் கொடுத்த சாப்பாட்டுத் தாள்: வீட்ல எத்தனை நாள் ஓடுது?

வியாசர்பாடி வாசகர் கேள்வி | பிப்ரவரி 6, 2024

அப்பாவுக்கு 61 வயசு. போன மாசம் ஆஞ்சியோ பண்ணாங்க. ரெண்டு இடத்துல அடைப்பு, இப்போதைக்கு மாத்திரை போதும்னு சொல்லிட்டாங்க. கூடவே ஒரு சாப்பாட்டுத் தாள். உப்பு குறை, எண்ணெய் குறை, வறுத்தது வேணாம், ஓட்ஸ் சாப்பிடு. அம்மா அவருக்குத் தனியா சமைக்கிறாங்க. மூணாவது வாரம் அப்பா தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்துட்டார். இந்தத் தாளை யாராவது ஆறு மாசம் முழுசா கடைப்பிடிச்சிருக்கீங்களா? இல்ல இது எழுதிக் கொடுக்கறதுக்கு மட்டும்தானா?

தண்டையார்பேட்டையிலிருந்து | பிப்ரவரி 7

தாள்ல இருக்கறது எல்லாம் சரிதான் தம்பி. அம்மா தனியா சமைக்கறதுதான் சிக்கல். எங்க வீட்லயும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். சரியா மூணு வாரம் ஓடுச்சு.

வீட்டுக்காரருக்கு 54. துறைமுகத்துல வெல்டிங் வேலை. போன நவம்பர்ல ஒரு நாள் நெஞ்சு இறுக்கம், வலி தாடை வரைக்கும் ஏறுச்சு. வாயுன்னு நினைச்சு ஓமத்தண்ணி குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தார். இதைப் படிக்கிற யாரும் அப்படி உக்காராதீங்க. கடைசில ஸ்டென்ட் வெச்சாங்க, அடைச்ச ரத்தக்குழாயைத் திறந்து வைக்கற சின்ன கம்பி வலை. வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்கும் ஒரு தாள்: ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சால்மன், வால்நட்.

நான் ஒரு சின்ன சட்டியைத் தனியா எடுத்து வெச்சேன். அதுல உப்பில்லாத ரசம், எண்ணெய் படாத கோவக்கா. பக்கத்துல அத்தைக்கும் பையனுக்கும் கருவாட்டுக் குழம்பு கொதிக்குது. அவர் ஒரு வார்த்தை சொல்லல. சாப்பிட்டு, கை கழுவி, சட்டை மாட்டிக்கிட்டு வெளிய போவார். ஒரு சனிக்கிழமை துவைக்கும்போது பாத்தா மூணு சட்டையிலயும் பையோரத்துல வட்டமா எண்ணெய்க் கறை. டீக்கடை வடையைப் பேப்பர்ல மடிச்சு பையில போட்டுக்கிட்டு தேரடி வரைக்கும் நடந்து போய் சாப்பிட்டிருக்கார்.

கோவம் வரல. தன் வீட்லயே ஒருத்தர் வேற பந்தியில உக்காந்தா என்ன செய்வார்?

பிப்ரவரி 9

முந்தாநாள் பாதியில நிறுத்திட்டேன். தனிச் சட்டியை எடுத்து உள்ள வெச்சுட்டு முதல்ல உப்புக் கணக்கு பாத்தேன்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்க டாக்டரும் அதையே சொன்னார். நோயாளிக்கு மட்டும் இல்ல, பெரியவங்க எல்லாருக்கும் அதே அளவு. வீட்ல நாலு பேர், ஒரு நாளைக்கு 20 கிராம். அப்ப ஒரு கிலோ உப்பு 50 நாள் வரணும். எங்க வீட்ல மூணு வாரத்துல காலி. தலைக்கு கிட்டத்தட்ட 12 கிராம் போயிருக்கு. பையனுக்கு 22 வயசு, அத்தைக்கு 76, ரத்தக்கொதிப்புக்குப் பத்து வருஷமா மாத்திரை போடறாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் நான் கணக்கே பாத்ததில்லை. மொத்தக் குழம்பையும் மாத்தணும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

பிப்ரவரி 10

கணக்குல ஒரு தப்பு. மீன் கழுவறதும் அதே கல் உப்புலதான். செவுள் எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்ச்சு, மூணு தண்ணி விடறோம். அந்த உப்பு வயித்துக்குப் போறதில்ல. அதைக் கழிச்சாலும் தலைக்கு 9, 10 வரும். ரெண்டு மடங்கு. இப்ப மீன் கழுவற உப்புக்குத் தனி ஜாடி.

பிப்ரவரி 18

எப்படி அளக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க.

அத்தையோட பழைய எவர்சில்வர் டப்பா ஒண்ணு, வெத்தலைப் பெட்டிக்குள்ள சுண்ணாம்பு வெச்சிருந்தது. நல்லா கொதிக்க வெச்சுக் கழுவினேன். மளிகைக் கடைக்கு எடுத்துட்டுப் போய், தராசுல வெச்சு, தூள் உப்பு 15 கிராம் போடச் சொன்னேன். கடைக்காரர் என்ன எடைன்னு ரெண்டு தடவை கேட்டார். உப்பு எந்த இடம் வரைக்கும் வந்துச்சோ அங்க உள்பக்கம் ஆணியால ஒரு கீறல் போட்டுக்கிட்டேன். காலையில அந்தக் கீறல் வரைக்கும் உப்பு. இட்லி மாவுக்கு, சாம்பாருக்கு, பொரியலுக்கு, ராத்திரி சட்னிக்கு எல்லாம் அதுலருந்துதான். மாவுக்கு ரெண்டு நாள் உப்பு ஒண்ணா விழும், அதனால மறுநாள் டப்பாவுல குறைச்சுப் போடுவேன்.

20 இல்லாம ஏன் 15? ரொட்டி, பிஸ்கட், கடையில சாப்பிடற ஒரு தோசை, எல்லாத்துலயும் உப்பு இருக்கு. அதுக்கு 5 கிராம் விட்டு வெச்சேன். அப்பளம், ஊறுகா, மோர் மிளகா மூணும் தட்டுலருந்து போயிடுச்சு. அந்த மூணையும் வெச்சுக்கிட்டு டப்பாவுல கணக்கு பாத்துப் பிரயோஜனம் இல்ல.

முதல் நாலு நாள் அத்தை சாப்பாட்டைத் தொட்டுட்டு "உப்பு மறந்துட்டியா"ன்னு கேட்டாங்க. அஞ்சாவது நாள் நான் கண்ணைத் துடைச்சது பாத்துட்டாங்க போல, அப்புறம் கேக்கல.

பிப்ரவரி 25

நாக்கு மாறும். எங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் புளிப்பும் காரமும்தான் தாங்கிப் பிடிச்சுது. ரசத்துல மிளகு தூக்கலா, பொரியல்ல இறக்கும்போது எலுமிச்சை, மோர்ல இஞ்சி, கொத்தமல்லி. உப்பை வேகும்போது போடாம இறக்கினப்புறம் மேல தூவினா, குறைச்சலா போட்டாலும் நாக்குல படும். சோறு வடிக்கும்போது உப்பு போடற பழக்கம் இருந்தா இன்னியோட விட்டுடுங்க.

மார்ச் 5

இந்துப்பு போட்டா தப்பிச்சுக்கலாமான்னு கேட்டவருக்கு: அதுவும் சோடியம் குளோரைடுதான். கடல்ல எடுத்தாலும் மலையில வெட்டினாலும் அதே 5 கிராம்.

இன்னொண்ணு முக்கியம். கடையில 'சோடியம் குறைந்த உப்பு'ன்னு பாக்கெட் வருது. நானும் ஆசையா வாங்கினேன். அதுல பாதிக்குப் பாதி பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கலாம். வீட்டுக்காரர் டெல்மிசார்டன்ங்கற ரத்தக்கொதிப்பு மாத்திரை போடறார், கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு) கொஞ்சம் கூட இருக்கு. அந்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்புல தங்க வைக்கும். சிறுநீரகமும் சரியா வெளியேத்தலன்னா பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகும்னு டாக்டர் சொன்னார். பாக்கெட் பிரிக்காம திரும்பக் கடைக்குப் போச்சு. இளநீர்லயும் பொட்டாசியம் இருக்குன்னு, தினமும் குடிக்கிறதை டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார். சிறுநீரகம் நல்லா இருக்கறவங்களுக்கு இதே உப்பு நல்லது செய்யலாம். மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுட்டு வாங்குங்க.

மார்ச் 11

எண்ணெய். ரேஷன்ல 25 ரூபாய் பாமாயில் ஒரு லிட்டர், வெளிய சூரியகாந்தி மூணு லிட்டர், மாசம் நாலு லிட்டர் ஓடிட்டிருந்துச்சு. தலைக்கு அரை லிட்டர்தான் டாக்டர் சொன்ன கணக்கு. நாலு பேருக்கு ரெண்டு லிட்டர். பாமாயில்ல நிறைகொழுப்பு நூத்துக்கு 40க்கு மேல. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டுலயும் 20க்குள்ள. கெட்ட கொழுப்பை ஏத்தறது இந்த நிறைகொழுப்புதான். கையில காசு இல்லாத வீட்டுக்கு 25 ரூபாய் எண்ணெய் எவ்வளவு பெரிய உதவின்னு எனக்குத் தெரியும், அதை வாங்கி சமைச்சுத்தான் பையனை வளர்த்தேன். அது மட்டும்தான் கட்டுப்படும்னா அதையே பாதி ஊத்துங்க. பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க, அது போதும்.

ஆலிவ் எண்ணெய் நான் வாங்கவே இல்ல. கடலை எண்ணெய் ஒண்ணரை, நல்லெண்ணெய் அரை. ஒண்ணாம் தேதி ரெண்டு பாட்டில் அலமாரியில ஏறும். 26ஆம் தேதி தீந்துச்சுன்னா மீதி நாலு நாள் இட்லியும் குழம்பும் ரசமும்தான்.

மார்ச் 13

போன குறிப்புல தேங்காயை விட்டுட்டேன். முதல்ல தேங்காயே வேணாம்னு வீட்ல தடை போட்டிருந்தேன். அது அதிகப்படி. தேங்காய் எண்ணெய்ல முக்கால்வாசிக்கு மேல நிறைகொழுப்பு, அதுல சமைக்க வேணாம், சரி. வாரத்துல ரெண்டு நாள் பொரியல்ல ரெண்டு ஸ்பூன் துருவல் தூவலாம்னு டாக்டரே சொல்லிட்டார். தினம் தேங்காய்ச் சட்னி கிடையாது. தக்காளி, புதினா, வேர்க்கடலைன்னு மாத்தி மாத்தி அரைக்கிறேன்.

மார்ச் 20

ரத்தப் பரிசோதனை வந்துச்சு. எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, நவம்பர்ல 148, இப்ப 82. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு 70க்குக் கீழயாவது இருக்கணும். இன்னும் கொஞ்சம்.

சந்தோஷத்துல அன்னிக்கு நான் ஒண்ணு எழுதி வெச்சிருந்தேன், 'சாப்பாட்டாலயே 66 குறைச்சுட்டோம்'னு. தப்பு. ஏன்னு மே 30 குறிப்புல இருக்கு. (இந்த வரிகளைப் பின்னால சேர்த்தேன்.)

ஏப்ரல் 16

நேத்துலருந்து மீன்பிடித் தடை. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு போகும், அதுல வர்றது கொஞ்சம், விலையும் ஏறிடும்.

தாள்ல வாரம் ரெண்டு தடவை மீன்னு இருந்துச்சு, சால்மன்னு எழுதியிருந்துச்சு. அந்த மீனுக்கு இருக்கற நல்ல கொழுப்பு, ஒமேகா 3, நம்ம காசிமேட்டு மத்திக்கும் காணாங்கத்தைக்கும் நிறையவே இருக்கு. இதை டாக்டர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். அவருக்கே மகிழ்ச்சி, தாள்ல சால்மனை அடிச்சுட்டு மத்தின்னு கையால எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரருக்கு மட்டும் மனசு ஒப்பல. சின்ன வயசுல காசில்லாத நாளெல்லாம் காணாங்கத்தைதான், சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறம் வஞ்சிரம்தான் வாங்கணும்னு ஒரு வைராக்கியம். அது எனக்குப் புரியுது. வஞ்சிரமும் கெட்டது இல்ல. அதை எண்ணெய்ல முக்கிப் பொரிச்சதுதான் கெடுத்துச்சு. இப்ப தோசைக்கல்லுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய், மூடி போட்டு, சின்ன தீ. குழம்பு மீனுக்கு அதுவும் வேணாம்.

தடை முடியற வரைக்கும் நெத்திலி, ஏரி மீன், கொண்டக்கடலை சுண்டல். கருவாட்டுப் பக்கம் போகாதீங்க. ரெண்டு தண்ணியில ஊற வெச்சா கொஞ்சம் உப்பு இறங்கும், முழுசா போகாது. அத்தைக்கு அதுதான் பெரிய இழப்பு. மாசத்துல ஒரு நாள் மட்டும் வெச்சுக்கொடுக்கறேன், அன்னிக்கு டப்பாவுல பாதிதான்.

மே 12

ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்த வாரம் புது உணவு வழிகாட்டி போட்டிருக்கு. 17 அறிவுரை. நாட்டோட மொத்த நோய்ச் சுமைல 56.4 சதவீதம் சரியில்லாத சாப்பாட்டாலன்னு அதுல சொல்றாங்க. உப்புக்கு அங்கயும் 5 கிராம்தான். பாக்கெட் மேல எழுதியிருக்கறதைப் படிச்சு வாங்கச் சொல்றாங்க. படிக்கும்போது ஒண்ணு கவனிங்க: அதுல உப்புன்னு இருக்காது, சோடியம்னு இருக்கும். அதை இரண்டரையால பெருக்கினாத்தான் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம்னா ஒரு கிராம் உப்பு. பையன் ராத்திரி செஞ்சு சாப்பிடற நூடுல்ஸ் பாக்கெட்டை அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டுட்டு மசாலாவுல பாதியைத் தூக்கிப் போட்டான்.

மே 30

எழுதவே கஷ்டமா இருக்கு.

அவருக்கு தொடை வலி ஒரு மாசமா இருந்திருக்கு. கொழுப்பு மாத்திரையாலன்னு வேலையிடத்துல யாரோ சொல்லியிருக்காங்க. சாப்பாடுதான் இவ்வளவு கட்டுப்பாடா இருக்கே, எண்ணும் குறைஞ்சுடுச்சேன்னு ஏப்ரல் கடைசியில அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திட்டார். என்கிட்ட சொல்லல. காலி அட்டை விழலையேன்னு தேடும்போது, சாமி படத்துக்குப் பின்னால முழு அட்டை ரெண்டு. மறுநாளே ரத்தம் எடுத்தோம். எல்டிஎல் 131.

அதே சாப்பாடு, அதே உப்பு டப்பா, அதே ரெண்டு லிட்டர் எண்ணெய். மாத்திரை மட்டும் இல்ல. 82லருந்து 131.

டாக்டர் பொறுமையா விளக்கினார். உடம்புல இருக்கற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு உடம்பு, முக்கியமா கல்லீரல், தானே செய்யறது. தட்டுலருந்து வர்றதைத்தான் சாப்பாடு குறைக்கும். கல்லீரல் செய்யறதைக் குறைக்க மாத்திரை வேணும். ஸ்டென்ட் வெச்சவருக்கு ரெண்டுமே கட்டாயம். ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையை இப்படி நிறுத்தியிருந்தா ஸ்டென்ட்டுக்குள்ளயே அடைச்சிருக்கலாம், அது உயிர் போற விஷயம்னார். வலி உண்மைதான், சிலருக்கு வரும், அதுக்கு வேற மாத்திரை இருக்குன்னு மாத்திக் கொடுத்தார். புது மாத்திரையில அந்த வலி இல்ல.

மார்ச்ல நான் எழுதின அந்த ஒரு வரியை வீட்ல சத்தமா படிச்சவளும் நான்தான். அவர் அதை நம்பினார். இந்தப் பக்கத்தைப் படிச்சு யாராவது மாத்திரையைக் குறைச்சிருந்தா தயவுசெஞ்சு இன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

ஜூன் 1

கொருக்குப்பேட்டைலருந்து ஒரு சகோதரி. அம்மாவுக்கு வால்வு மாத்தினது, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை போடறாங்க, தினமும் முருங்கைக்கீரை கொடுக்கலாமான்னு கேக்கறாங்க. அவசரப்படாதீங்கம்மா. அந்த மாத்திரை வைட்டமின் கே சத்துக்கு எதிரா வேலை செய்யுது. கீரையில அந்தச் சத்து அதிகம். திடீர்னு கீரை கூடினா மாத்திரை பிடிக்காது, திடீர்னு குறைஞ்சா ரத்தம் ரொம்ப நீர்த்துப்போகும். கீரையே கூடாதுன்னு இல்ல, வாரா வாரம் ஒரே அளவா இருக்கணும். ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு காட்டற சோதனை) பாக்கற டாக்டர்கிட்ட கேட்டு அளவு வெச்சுக்கோங்க. என் வீட்டுத் தாள் உங்க வீட்டுக்கு ஆகாது.

ஜூன் 23

தடை முடிஞ்சு ரெண்டாவது ஞாயிறு காசிமேடு. அஞ்சு மணிக்கே நிக்க இடமில்ல. ஏலக் கூடையிலருந்து மத்தி வெள்ளிக்காசு கொட்டின மாதிரி விழுது. கண்ணு தெளிவா, செவுள் சிவப்பா, விரல் வெச்சா குழி விழாம இருந்துச்சு. ஒரு கூறு வாங்கினோம். அவர் போய் காணாங்கத்தையும் ரெண்டு கிலோ எடுத்துக்கிட்டு வந்தார். நான் எதுவும் கேக்கல.

ஜூலை 2

நடை பத்திக் கேட்டாங்க. ராபின்சன் பூங்கா, 1949ல தி.மு.க. தொடங்கின அதே இடம், இப்ப அண்ணா பூங்கா. காலையில அரை மணி நேரம், டாக்டர் சொன்ன வேகத்துல. அவ்வளவுதான், இதுல சொல்ல வேற இல்ல.

அத்தோ பத்தி சொல்லணும். பர்மாவுலருந்து வந்த குடும்பங்க கொண்டுவந்த சாப்பாடு, பீச் லைன்ல ஒரு தட்டு வாங்கி நின்னு சாப்பிடறது இந்தப் பக்கத்து ஆம்பளைங்களுக்கு வேலை முடிஞ்ச அடையாளம். அதையும் தடை பண்ணி வெச்சிருந்தேன். போன வாரம் நானே கூட்டிட்டுப் போனேன். கடைக்காரம்மா நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணி எல்லாத்தையும் கையாலயே பிசையறாங்க. "எண்ணெயும் உப்பும் பாதி போடுங்கக்கா, பேஜோ வேணாம், கோஸ் நிறைய"ன்னு சொன்னேன். பேஜோன்னா மேல நொறுக்கிப் போடற பொரிச்ச தட்டை மாதிரி. ஏன்னு கேட்டாங்க. "நெஞ்சுல கம்பி வெச்சிருக்கு"ன்னு அவரே சொன்னார். ஏழு மாசத்துல வெளியாள்கிட்ட அவர் வாய் திறந்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாழைத்தண்டு சூப்புல உப்பு இருக்கும்னு ஒரு கிண்ணத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். இனி மாசம் ஒரு தடவை.

ஜூலை 29

ஆடிக் கூழ். தெரு அம்மன் கோயில்ல நேத்து ஊத்தினாங்க. கேழ்வரகுக் கூழ் நல்லது, முருங்கைக்கீரை நல்லது, கூட வர்ற கருவாட்டுக் குழம்புதான் கவலை. தெருவே சாப்பிடுது, அவரை மட்டும் உள்ள உக்கார வைக்க முடியுமா? கூழ் ரெண்டு சொம்பு, கீரை, கடிச்சுக்க வெங்காயம். குழம்புல கருவாட்டைத் தொடாம கத்திரிக்கா மட்டும் ஒரு கரண்டி. அத்தை பக்கத்துல உக்காந்து அதையே சாப்பிட்டாங்க. அவங்க கிண்ணத்துலயும் கருவாடு இல்ல.

ஆகஸ்ட் 18

வியாசர்பாடி தம்பி எழுதியிருக்கார்: இப்ப வீட்ல ஒரே சட்டிதான், அப்பா தட்டைத் தள்றதில்ல, ஆனா அம்மா கறிக்கு மட்டும் இன்னும் பிடி கொடுக்கல, ஞாயிற்றுக்கிழமை போட்டியும் மூளையும் வாங்கிட்டு வந்துடறாங்கன்னு. மூளையை முதல்ல நிறுத்துங்க தம்பி, கொலஸ்ட்ரால் அவ்வளவு இருக்கறது வேற எதுலயும் இல்ல. ஆட்டுக்கறியை மாசம் ரெண்டு தடவையாக்குங்க, கொழுப்பைக் கறிக்கடையிலயே எடுத்துடச் சொல்லுங்க. நடுவுல வர்ற ஞாயிறுகள்ல தோல் எடுத்த கோழி, மீன். அம்மாகிட்ட அப்பாவுக்காகன்னு சொல்லாதீங்க. அவங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க.

செப்டம்பர் 3

எல்டிஎல் 64. புது மாத்திரை, அதே சாப்பாடு. அத்தையோட ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் டாக்டர் அரை மாத்திரையா குறைச்சிருக்கார். அவங்களுக்குன்னு நாங்க தனியா எதுவும் செய்யல.

இன்னிக்கு ராத்திரி சமைச்சு முடிச்சப்புறம் டப்பா அடியில கொஞ்சம் உப்பு மிச்சம் இருந்துச்சு. நாளைக்கு இருக்கட்டும்னு மூடப் போனேன். அத்தை கையை நீட்டி வாங்கி, மீன் கழுவற ஜாடியில கொட்டிட்டு, டப்பாவைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போய் படுத்துட்டாங்க.